15 மீட்டரில் மூச்சு முட்டுவது ஏன்?

கேள்வி: எனக்கு 38 வயது. நான்கு வருடமாக ஓடுகிறேன். 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவேன். வார இறுதியில் 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவதும் உண்டு. இன்னும் ஐந்து மாதத்தில் ஒரு ஸ்பிரின்ட் டிரையத்லானில் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் குறுந்தூரப் போட்டி) கலந்துகொள்ள ஆசை. நீச்சல்தான் தடையாக இருக்கிறது. எட்டு வயதில் ஆழமான தண்ணீரில் தவறி விழுந்தேன். மூழ்கப் போனவளை யாரோ இழுத்துக் கரையில் போட்டார்கள். போன வருடம்தான் துணிந்து ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். ஃப்ரீஸ்டைலில் 15 மீட்டர் போவதற்குள் மூச்சு முட்டுகிறது, நெஞ்சு படபடக்கிறது, ஓரக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். கால் எட்டாத பக்கம் போனாலே உடம்பு விறைத்துவிடுகிறது. இவ்வளவு ஓடியும் மூச்சு ஏன் போதவில்லை? ஏரி, கடல் போன்ற திறந்த நீரில் நீந்தித்தான் ஆக வேண்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

10 கிலோமீட்டர் ஓடும் நுரையீரலுக்கு 15 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. அதனால் தெம்பு போதவில்லை என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். உள்ளே போன காற்று வெளியே வராததால்தான் உங்களுக்கு மூச்சு முட்டுகிறது.

மூச்சு வாங்கியே ஆக வேண்டும் என்ற தவிப்பை உடம்பில் கிளப்புவது பெரும்பாலும் ரத்தத்தில் ஏறும் கரியமில வாயு. ஆக்சிஜன் குறைவதை உடம்பு வெகு தாமதமாகத்தான் உணரும். தண்ணீரைக் கண்டு பயப்படுபவர்கள் முகம் அமிழ்ந்ததும் வாயை இறுக்கி மூடி மூச்சை அடக்கிக்கொள்வார்கள். நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள். மூன்று கை வீசியதும் தலையைத் திருப்புகிறீர்கள். வாய் தண்ணீருக்கு மேலே இருப்பது ஒரு வினாடிகூடக் கிடையாது. அதற்குள் பழைய காற்றை வெளியே தள்ளி, புதுக் காற்றையும் இழுத்தாக வேண்டும். இரண்டும் முழுதாக நடக்காது. பாதிக் காற்று உள்ளேயே தங்கிவிட, அதன் மேல் ஒரு வாய் காற்றை ஏற்றிக்கொண்டு மறுபடி முகத்தை அமிழ்த்துகிறீர்கள். இப்படி நான்கைந்து முறை போனால் நெஞ்சு முழுக்கக் காற்று இருக்கும், ஆனாலும் காற்றே இல்லாதது போலத் தவிக்கும். கற்றுக்கொள்பவரின் கை வீச்சுக்கு நான்கைந்து மூச்சு என்பது ஏறக்குறைய 15 மீட்டர். கணக்கு சரியாக வருகிறது, பாருங்கள்.

ஓட்டம் கொடுத்த உடம்பு இங்கே கொஞ்சம் தொந்தரவும் செய்யும். ஓடுபவர்களுக்குக் கணுக்கால் விறைப்பாக இருக்கும். தரையை உந்த அந்த விறைப்பு நல்லதுதான். தண்ணீரிலோ பாதம் பின்பக்கமாக நீண்டு, தளர்ந்து அசைய வேண்டும். நீளாத பாதத்தோடு உதைத்தால் உடம்பு முன்னே போகாது, சில நேரம் பின்னால்கூடப் போகும். நகரவில்லையே என்று இன்னும் வேகமாக உதைப்பீர்கள். உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையில் இருக்கின்றன. அவை உழைக்க உழைக்கக் கரியமில வாயு இன்னும் ஏறும். இதோடு பயத்தில் தலையும் மேலே எழும்பும். தலையின் எடை 4 முதல் 5 கிலோ. நெஞ்சில் காற்று, இடுப்புக்குக் கீழே தசையும் எலும்பும் என்று அமைந்த உடம்பு, நெஞ்சை அச்சாக வைத்த சீசா பலகை போன்றது. தலை ஏறினால் கால் இறங்கும். கால் இறங்கினால் தண்ணீரைக் கிழித்துப் போவதற்குப் பதிலாகத் தண்ணீரை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் மேலே, எட்டு வயதில் நடந்ததை உங்கள் உடம்பு நினைவில் வைத்திருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆழத்தில் தள்ளிவிட்டால் தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் தயவுசெய்து கற்காதீர்கள். அப்படிச் செய்தால் பழைய பயத்தின் மேல் புதுப் பயம் ஒன்று ஏறும், அவ்வளவுதான். பயம் தணிவதற்கு வழி, தாங்கக்கூடிய அளவு பயத்தை அடிக்கடி சந்தித்து, ஒவ்வொரு முறையும் பத்திரமாக வெளியே வருவது. பயத்துக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். 3, 4 என்ற அளவில் பயிற்சி செய்யுங்கள். 6 ஆகிவிட்டால் அதற்கு முந்தைய பயிற்சிக்குத் திரும்புங்கள். உச்சத்தில் இருக்கும்போது கரையேறி வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எளிதான ஒன்றை இரண்டு முறை செய்து, மனசு அடங்கிய பிறகு வெளியே வாருங்கள். உடம்பு கடைசி நிமிடத்தைத்தான் அழுத்தமாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

இப்போது நீங்கள் கற்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது. கை வீசவும் உதைக்கவும் தெரியும். நடுத் தண்ணீரில் நின்று இளைப்பாறத் தெரியாது. பிரேக் இல்லாத சைக்கிளில் ஏறியவர் போலத்தான் நீந்துகிறீர்கள். கம்பி எட்டும் தூரம் வரை தைரியம், அதைத் தாண்டினால் விறைப்பு. ஆகவே முதல் மூன்று வாரம் தூரத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம். மூச்சை வெளியே விடுவது, மல்லாந்து மிதப்பது, எந்த நிலையிலிருந்தும் எழுந்து நிற்பது: இந்த மூன்றையும் கை வந்த பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று வாரம்

நெஞ்சளவுத் தண்ணீரில், ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். வாய் வழியாக மூச்சை வாங்கி, மூக்கு முங்கும் அளவு முகத்தை அமிழ்த்தி, வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்ம்" என்று ராகம் இழுங்கள். "ம்" என்ற ஒலி மூக்கு வழியாகத்தான் வெளியேற முடியும். காற்று வெளியேறிக்கொண்டிருக்கும் மூக்கில் தண்ணீர் ஏறாது. சத்தம் நின்றால் மூச்சை அடக்கிவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துவிடும். மனதுக்குள் நான்கு எண்ணும் வரை சீராக ஒலிக்கட்டும். பிறகு தலையைத் தூக்கி வாயைத் திறந்தால் போதும், காற்று தானாக உள்ளே வரும், இழுக்க வேண்டியதில்லை. 10 முறை செய்து சற்று நிற்கவும். இப்படி மூன்று சுற்று.

இதில் இரண்டு தவறுகள் வரும். ஒரே ஊதலில் எல்லாக் காற்றையும் காலி செய்துவிட்டு, வெளியே வந்ததும் திணறுவது ஒன்று. கடைசியில் கொஞ்சம் மிச்சம் வைத்து, வாய் தண்ணீரை விட்டு வெளிவரும் கணத்தில் அந்த மிச்சத்தைப் "ப்பூ" என்று தள்ளிவிடுங்கள். இன்னொன்று, ஒவ்வொரு முறையும் கையால் முகத்தைத் துடைப்பது. துடைக்காமல் கண்ணைத் திறந்து, தண்ணீர் முகத்தில் வழியவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். நீந்தும்போது முகத்தைத் துடைக்க உங்களுக்குக் கை இருக்காது.

அடுத்தது தரையில் உட்காரப் பார்ப்பது. நெஞ்சு நிறையக் காற்றோடு குளத்தின் தரையில் உட்கார முயலுங்கள். முடியாது, தண்ணீர் மேலே தூக்கிவிடும். அதைச் சில முறை செய்து பார்த்தாலே பயத்தின் ஒரு பங்கு குறையும். பிறகு காற்றை விட்டபடியே இறங்கினால், விட விட உடம்பு தாழ்வது தெரியும். இங்கே ஓர் எச்சரிக்கை. எவ்வளவு நேரம் மூச்சடக்க முடியும் என்று சோதிக்காதீர்கள், முன்கூட்டி வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கவும் கூடாது. அப்படிச் செய்தால் கரியமில வாயு முன்பே வெளியேறிவிடுவதால் தவிப்பு வராது. தவிப்பே இல்லாமல் ஆக்சிஜன் தீர்ந்து, தண்ணீருக்குள் மயங்கிவிடுவார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள்.

குப்புற மிதந்து, அங்கிருந்து எழுந்து நிற்பதை யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. பயந்தவருக்கு முதலில் வேண்டியது இதுதான். படுத்த நிலையில் காலை நேராகக் கீழே இறக்கப் பார்த்தால் இறங்காது, அந்த ஒரு வினாடியில்தான் பதற்றம் பிடிக்கும். முழங்கால் இரண்டையும் நெஞ்சை நோக்கி மடக்குங்கள். நீட்டியிருக்கும் கைகளால் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். இடுப்பு தானாகக் கீழே போகும், தலை எழும், அதன் பிறகு பாதத்தைத் தரையில் வையுங்கள். மடக்கு, அழுத்து, நில். ஒரு வகுப்புக்கு 20 முறை செய்யுங்கள்.

மல்லாந்து மிதக்கும்போது காது தண்ணீருக்குள் இருக்க வேண்டும். காது முங்கினால் வெளிச் சத்தம் அடங்கிப் போய், உங்கள் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கும். அது பலரைப் பயமுறுத்தும், இரண்டு நாளில் பழகிவிடும். கண் நேர் மேலே பார்க்கட்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டினால் இடுப்பு மடங்கி, உட்கார்ந்த மாதிரி மூழ்குவீர்கள். மூச்சைச் சட்டென்று வாங்கி, ஒரு கணம் நிறுத்தி, மெதுவாக விடுங்கள். நுரையீரல் நிறைந்திருக்கும் நேரம்தான் மிதப்பு அதிகம். மெலிந்து இறுகிய கால் உடைய ஓட்டக்காரர்களுக்குக் கால் தாழத்தான் செய்யும், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. கைகளைத் தலைக்கு மேல் நீட்டினால் சமன் கொஞ்சம் கூடும். அப்படியும் தாழ்ந்தால் இடுப்புக்குப் பக்கத்தில் உள்ளங்கையால் எட்டு வடிவில் தண்ணீரைத் தடவிக்கொண்டிருங்கள். முகம் மேலே இருந்தால் போதும்.

இந்த மூன்றும் வந்த பிறகு, நீந்திக்கொண்டே போய்ச் சட்டென்று மல்லாந்து, மூன்று மூச்சு வாங்கி, மறுபடி குப்புறத் திரும்பி நீந்துங்கள். இதைச் சாதாரணமாகச் செய்ய முடிகிற நாளில், கம்பி இல்லாத தண்ணீரிலும் உங்களுக்குப் பிடிமானம் இருக்கும்.

ஃப்ரீஸ்டைலைச் சரிசெய்ய

பார்வை நேர் கீழே, தரையில் தெரியும் கறுப்புக் கோட்டின் மேல் இருக்கட்டும். உதை இடுப்பிலிருந்து வர வேண்டும். குதிகால் தண்ணீரின் மேற்பரப்பை லேசாகக் கலக்கினால் போதும். ஸ்பிரின்ட் டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சலுக்குப் பிறகு 20 கிலோமீட்டர் சைக்கிளும் 5 கிலோமீட்டர் ஓட்டமும் காத்திருக்கின்றன. காலை அதற்காக மிச்சம் பிடியுங்கள்.

மூச்சு வாங்கத் தலையைத் தூக்கக் கூடாது. உடம்பு பக்கவாட்டில் உருளும்போது தலையும் கூடவே திரும்ப வேண்டும். நீச்சல் கண்ணாடியின் ஒரு பக்கம் தண்ணீருக்குள்ளும் இன்னொரு பக்கம் வெளியிலும் இருப்பதுதான் சரியான அளவு. முன்னே நகரும் தலை தண்ணீரை ஒதுக்குவதால், வாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் உண்டாகும். காற்று அந்தப் பள்ளத்திலேயே கிடைக்கும். முன்னே நீட்டிய கை அந்த நேரத்தில் கீழே அமுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கை அமுங்கினால் தலை தாழும், அடுத்து வாயில் தண்ணீர்தான் வரும். புரை ஏறினால் மல்லாந்து, இருமி முடித்துவிட்டுத் தொடருங்கள்.

தொடக்கத்தில் இரண்டு கை வீச்சுக்கு ஒரு மூச்சு என்று ஒரே பக்கம் வாங்குங்கள். மூன்றுக்கு ஒன்று என்று இரு பக்கமும் வாங்கச் சொல்வார்கள். அது நல்ல பழக்கம்தான், ஆனால் உங்களுக்கு இப்போது காற்றுதான் முக்கியம், அழகு பிறகு வரட்டும். முகம் தண்ணீரில் இருக்கும் நேரமெல்லாம் அந்த "ம்ம்ம்" ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாதனங்களில், பாதத்தில் மாட்டும் துடுப்பான ஃபின், அதிலும் குட்டையானது, உதவும்: கால் மேலே நிற்கும், கணுக்கால் நீளப் பழகும். புல் பாய் (pull buoy) என்ற சிறு மிதவையைத் தொடைகளுக்கு நடுவே வைத்தால் கால் மிதக்கும். மூச்சை மட்டும் கவனிக்க வசதி. ஆனால் இரண்டையும் மொத்தப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்த வேண்டாம்; போட்டியில் இரண்டுக்கும் அனுமதியில்லை. கிக் போர்டு என்ற மிதக்கும் பலகையைக் கைநீட்டிப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொண்டு உதைக்கும் பயிற்சி உங்களுக்கு நல்லதைவிடக் கெடுதலே செய்யும். கால் தாழும் பழக்கத்தை அது இன்னும் உறுதியாக்கிவிடும்.

கண்ணாடி வாங்கும்போது பட்டையை மாட்டாமல் கண்ணில் அழுத்தி விடுங்கள். இரண்டு மூன்று வினாடி ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். கசிகிறதே என்று பட்டையை இறுக்குபவர்கள் அதிகம். இறுக்க இறுக்க ரப்பர் விளிம்பு வளைந்து இன்னும் கசியும்.

தூரம் கூட்டும் கணக்கு

வாரத்துக்கு மூன்று முறை, 35 முதல் 40 நிமிடம் தண்ணீரில் இருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சாக இரண்டு மணி நேரம் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். நீச்சல் உடம்பில் ஏறுவது அடிக்கடி தொடுவதால்தான். ஓட்டத்தை வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் இரண்டு போதும்.

முதல் மூன்று வாரம் மேலே சொன்னவை. நான்காவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை, 25 மீட்டர் குளத்தில் ஒரு நீளம் நீந்தி, மூச்சு முழுதாக அடங்கும் வரை நின்று, மறுபடி ஒரு நீளம். 8 நீளத்தில் தொடங்கி 16 வரை கொண்டுபோங்கள். கடைசி நீளமும் முதல் நீளம் போலவே இருக்க வேண்டும். நீந்தும் முறை கலைந்தால் அன்றைக்கு அதோடு முடியுங்கள். எட்டாவது வாரத்திலிருந்து நீளத்தைக் கூட்டாமல் இடைவேளையைக் குறைக்கவும்: 40 வினாடி, 30, 20, 15. இடைவேளை 15 வினாடிக்கு வந்தபின் 50 மீட்டராகவும், அது எளிதானதும் 100 மீட்டராகவும் சேர்க்கலாம். 50 வராமல் 100-ஐ முயன்றால் பழைய மூச்சடக்கல் திரும்ப வந்துவிடும். 750 மீட்டர் என்பது 30 நீளம். 14 அல்லது 15 வாரத்தில் நடுவில் நான்கைந்து முறை மல்லாந்து ஓய்வெடுத்தாவது அதை முடிக்கும் நிலைக்கு வந்துவிடலாம்.

ஆழமான பக்கத்தை ஐந்தாவது வாரத்தில் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம் இருங்கள். பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு ஓரத்தை ஒட்டியபடி மல்லாந்த மிதப்பு. பயிற்சியாளர் கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள் நிற்க வேண்டும், கரையில் நின்று கத்தினால் போதாது. மேலே மிதக்கும்போது, கீழே 2 மீட்டர் ஆழம் இருந்தாலும் 20 மீட்டர் இருந்தாலும் தண்ணீர் உங்களைத் தாங்குவது ஒரே அளவில்தான். இதை அறிவு உடனே ஒப்புக்கொள்ளும், உடம்பு ஒப்புக்கொள்ளச் சில வாரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும், பெரும்பாலும் சுவரை உதைத்துத் தள்ளும்போது அல்லது பாதத்தை வலிந்து நீட்டும்போது. மல்லாந்து, கால்விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். விட்டதும் அன்றைக்கு உதையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

திறந்த நீர்

முதல் போட்டிக்குத் திறந்த நீர் கட்டாயமில்லை. நீச்சல் பகுதியைக் குளத்திலேயே வைக்கும் டிரையத்லான்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 400 மீட்டர் நீச்சலோடு சூப்பர் ஸ்பிரின்ட் என்ற குட்டைப் போட்டியும் உண்டு. உங்கள் கதையைக் கேட்டபின் என் பரிந்துரை, முதல் முறை குளத்தில் நடக்கும் ஒன்று. கிடைக்காவிட்டால், அலை இல்லாத ஏரியில் நடப்பதைத் தேடுங்கள், கடல் அப்புறம்.

திறந்த நீரில் இறங்குமுன் குளத்தில் மூன்றைச் செய்து காட்ட முடிய வேண்டும்: எந்த ஸ்ட்ரோக்கிலாவது (நீச்சல் முறையிலாவது) 1,000 மீட்டர் ஓரத்தைத் தொட்டு நிற்காமல், கால் எட்டாத ஆழத்தில் 5 நிமிடம் மிதப்பு, கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்த நிலையில் மல்லாந்து, கண்ணாடியைக் கழற்றி மாட்டி மறுபடி நீந்துவது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் காத்திருங்கள். தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள். இடுப்பில் கட்டி இழுத்துப்போகும் பளிச்சென்ற நிறத்து மிதவையைப் பயிற்சியில் கட்டாயம் அணியுங்கள்.

குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடம்பு தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை இழுத்து, அடுத்து வேகவேகமாக மூச்சு வாங்கும், இதயமும் அடித்துக்கொள்ளும். இது உடம்பின் இயல்பு, பயத்தின் வேலை இல்லை. ஓரிரு நிமிடத்தில் தணிந்துவிடும். பலர் அந்த ஓரிரு நிமிடத்திலேயே நீந்தத் தொடங்குவதுதான் சிக்கல். இடுப்பளவில் நின்று முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அள்ளிவிடுங்கள், மூச்சை நீளமாக விடுங்கள், அது அடங்கிய பிறகு கரைக்கு இணையாக 20 கை வீச்சு மட்டும் நீந்திப் பாருங்கள். சில நாள் இப்படி இறங்கினாலே அந்த அதிர்ச்சி குறைந்துகொண்டு வரும். ஒரு காதுக்குள் மட்டும் குளிர்ந்த நீர் புகுந்தால் தலை சுற்றுவதும் உண்டு. காதடைப்பான் போட்டால் சரியாகும்.

வெட்சூட் என்ற இறுக்கமான ரப்பர் நீச்சல் உடை மிதப்பைக் கூட்டும், குளிரிலிருந்து காக்கும். நீரின் வெப்பநிலையைப் பார்த்து அனுமதி முடிவாகும். தடிமன் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. புதிதாக அணிபவருக்குக் கழுத்தை நெரிப்பது போல இருக்கும், ஏற்கெனவே மூச்சுப் பயம் உள்ளவருக்கு அது கேடு. கணுக்காலிலிருந்து தொடை, இடுப்பு என்று மடிப்பு மடிப்பாக மேலே ஏற்றி, தோளில் துணி தளர்வாக நிற்கும்படி செய்யுங்கள். கால்கவட்டில் இடைவெளி இருந்தால் அதுதான் கழுத்தைக் கீழே இழுக்கும். போட்டியன்று முதல்முறையாக அணியாதீர்கள்.

கலங்கிய நீரில் கோடு தெரியாது. 6 முதல் 10 கை வீச்சுக்கு ஒருமுறை, முதலை பார்ப்பது போலக் கண் மட்டும் வெளியே தெரியும்படி முன்னே பார்த்துவிட்டு, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சு வாங்குங்கள். பாதையைக் காட்டும் மிதவைக்குப் பின்னால் இருக்கும் உயரமான மரத்தையோ கட்டடத்தையோ குறி வைத்தால் சுலபம்.

போட்டி நாள்

1974 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவில், சான் டியாகோவின் மிஷன் பேயில் நடந்த முதல் டிரையத்லானில் ஓட்டம் முதலிலும் நீச்சல் கடைசியிலும் வந்தன. இன்று நீச்சல் முதலில் வருகிறது. களைத்த உடம்போடு யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை என்பது உங்களுக்குச் சாதகம். வேர்ல்டு டிரையத்லான் அமைப்பின் விதிகளில் எந்த ஸ்ட்ரோக்கிலும் நீந்தலாம். தரையில் நிற்கலாம், மிதவையையோ நின்றிருக்கும் படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். நீங்கள் சேரும் போட்டியின் கையேட்டையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கூட்டத்தின் கடைசியில், ஓரமாக நில்லுங்கள். மற்றவர்கள் போன பிறகு 15 வினாடி கழித்துக் கிளம்புங்கள். முதல் 100 மீட்டர் உங்களுக்கே சலிப்பூட்டும் அளவு மெதுவாகப் போகட்டும். பதற்றம் வந்தால் செய்ய வேண்டியதை முன்பே முடிவு செய்து பயிற்சியில் ஒத்திகை பாருங்கள்: மல்லாந்து, ஐந்து நீண்ட மூச்சு, பிறகு ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் 10 வீச்சு, அடங்கினால் ஃப்ரீஸ்டைல். அடங்காவிட்டால் ஒரு கையை உயர்த்துங்கள். கயாக் என்ற சிறு படகில் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதற்காகத்தான் நிற்கிறார்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். டிரையத்லானில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பகுதி நீச்சலில்தான் நேர்கிறது, காரணம் பெரும்பாலும் இதயம். போட்டிக்கு முன் ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் பார்த்துவிடுங்கள். ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் இளம் வயதில் திடீரென யாரேனும் இறந்திருக்கிறார்களா என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். நீந்தும்போது இளைப்பு அடங்காமல் கூடிக்கொண்டே போய், நெஞ்சில் களகளவென்று சத்தம், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல் வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அதைப் பயம் என்று நினைத்துத் தொடராதீர்கள். உடனே உதவி கேட்டு வெளியே வந்து மருத்துவரைப் பாருங்கள்.

கரையேறியபின் வருவது உங்கள் களம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். படுத்திருந்த உடம்பு எழுந்ததும் தலை லேசாகச் சுற்றும். கடைசி 50 மீட்டரில் உதையைக் கொஞ்சம் கூட்டினால் குறையும். சைக்கிளைத் தொடுமுன் ஹெல்மெட்டை மாட்டிக் கொக்கி போட வேண்டும், சைக்கிளை அதன் ஸ்டாண்டில் திரும்ப மாட்டி வைத்தபின்தான் ஹெல்மெட்டைக் கழற்றலாம். புதியவர்கள் தண்டனை வாங்குவது பெரும்பாலும் இதில்தான். உங்களிடம் இருக்கும் சைக்கிளே போதும்: பிரேக் பிடிக்கிறதா, டயரில் காற்று சரியா, ஹேண்டில்பார் முனைகளில் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். எட்டாவது வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை சைக்கிளை விட்டு இறங்கிய உடனே 10 நிமிடம் ஓடுங்கள். கால் மரக்கட்டை போல இருக்கும், சில நிமிடத்தில் வழிக்கு வரும்.

16-வது வாரத்தில், திறந்த நீருக்கு முன் செய்யச் சொன்ன அந்த மூன்று சோதனைகளையும் குளத்தில் செய்து பாருங்கள். தேறாவிட்டால் போட்டியை மாற்றுங்கள்: குளத்தில் நடக்கும் ஒன்றுக்கோ, வேறொருவர் நீந்த நீங்கள் சைக்கிளையும் ஓட்டத்தையும் எடுத்துக்கொள்ளும் அணிப் பிரிவுக்கோ. நீச்சல் பயிற்சியை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அடுத்த வகுப்புக்குப் போகும்போது பயிற்சியாளரிடம் எட்டு வயதில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். மூன்று வாரத்துக்குத் தூரம் வேண்டாம், மிதக்கவும் எழுந்து நிற்கவும் சொல்லித்தாருங்கள் என்று கேளுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு பயிற்சியாளரைத் தேடுங்கள். ஒப்புக்கொண்டால், அன்றைக்கே நெஞ்சளவுத் தண்ணீரில் அந்த "ம்ம்ம்"மை 10 முறை தொடங்கிவிடுங்கள்.